சார்ஜ் கன்ட்ரோலரை நம்பாமல் சோதிப்பது எப்படி? சிங்கப்பூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சோலார் சாமான்களில் பொய் எழுத மிக வசதியான இடம், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரின் மேல்மூடி. பேனல் சொன்ன வாட்டைத் தராவிட்டால் ஆம்பியரை அளந்ததும் தெரிந்துவிடும். பேட்டரி மட்டமானது என்றால் இரண்டாம் இரவே விளக்கு மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கன்ட்ரோலர் அப்படி மாட்டிக்கொள்வதில்லை. ‘எம்பிபிடி’ (MPPT) என்ற மேம்பட்ட வகையின் பெயரை ஒட்டிய பெட்டிக்குள் ‘பிடபிள்யூஎம்’ (PWM) என்ற சாதாரண வகைச் சுற்று இருந்தாலும் பச்சை விளக்கு எரியும், திரையில் எண்கள் ஓடும், பேட்டரியும் ஏதோ ஒரு வேகத்தில் ஏறும். அளந்து பார்க்காதவருக்கு வித்தியாசமே தெரியாது. அளப்பதற்கு ஒரு மல்டிமீட்டரும் வெயிலுள்ள ஒரு மதியமும் போதும்.

12 அல்லது 24 வோல்ட் பேட்டரியுடன் ஒன்றிரண்டு பேனல்களை இணைத்துப் பார்க்க நினைக்கும் புதியவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தரைவீட்டுக் கூரை முழுவதும் பேனல் பரப்பி மின்கட்டமைப்புடன் இணைப்பது வேறு வேலை. பேட்டரி இல்லாத அந்த ஏற்பாட்டில் சார்ஜ் கன்ட்ரோலரே கிடையாது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அமர்த்தி, எஸ்பி குழுமம் வழியாகத்தான் அது நடக்க வேண்டும்.

காசு மிச்சமாகும் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே கணக்குப் போட்டுவிடலாம். 100 வாட் பேனல் ஒன்று இங்கே நல்ல நாளில் 350 வாட்-மணி அளவுக்குத் தரும். ஒரு யூனிட் 30 காசு என்று வைத்துக்கொண்டால் நாளுக்குப் பத்துக் காசு. மின்தடையோ, ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஒரு நிமிடம்கூட வராத ஊர் இது. ஆகவே சிங்கப்பூரில் சிறிய சோலார் என்பது கற்றுக்கொள்ளவும், தோட்ட விளக்கு, மீன்தொட்டிப் பம்பு போன்றவற்றுக்கும், ஜோகூர்ப் பக்கம் தோட்டவீடு வைத்திருப்பவர்களுக்கும்தான். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இல்லை.

வீவக வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புளோக்கின் கூரையும் நடைபாதையும் உங்களுடையவை அல்ல. கூரையில் நீங்கள் பார்க்கும் பேனல்கள் பெரும்பாலும் 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தின் கீழ் வந்தவை. அந்த மின்சாரம் முதலில் மின்தூக்கிக்கும் பொது விளக்குகளுக்கும் போகிறது. சன்னலுக்கு வெளியே பேனலைத் தொங்கவிட நினைக்கவே வேண்டாம். கீழே யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது, வழக்கும் நிச்சயம். பேட்டரியை நடைபாதையில் வைப்பதும் கூடாது. பால்கனிக்கு உட்புறம் வெயில் விழுந்தால் அங்கே ஒரு சிறு பேனலை நிறுத்திப் பழகலாம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் கிடைப்பதில் கணிசமான பங்கு போய்விடும்.

பேனலின் முதுகைப் படியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் பேனலைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு எண்கள் வேண்டும்: வி-ஓசி, ஐ-எஸ்சி, வி-எம்பி, ஐ-எம்பி. முதலாவது, எதையும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்ட். இரண்டாவது, இரு முனைகளையும் நேராகச் சேர்த்தால் ஓடும் ஆம்பியர். மூன்றாவதும் நான்காவதும் பேனல் தன் உச்சத் திறனில் வேலை செய்யும்போது இருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும். 36 செல் கொண்ட 100 வாட் பேனலில் இவை ஏறக்குறைய 22 வோல்ட், 6 ஆம்பியர், 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்று இருக்கும்.

கன்ட்ரோலரின் ஆம்பியரைக் கண்டுபிடிக்க, பேனல்களின் மொத்த வாட்டைப் பேட்டரி வோல்ட்டால் வகுத்து, கால் பங்கு கூட்டுங்கள். 200 வாட், 12 வோல்ட் என்றால் 16.7, கால் பங்கு கூட்டினால் ஏறக்குறைய 21. ‘20 ஆம்பியர்’ பெட்டி சரியாக விளிம்பில் நிற்கும். தரமான தயாரிப்பு என்றால் அதை வாங்கலாம். பெயர் தெரியாதது என்றால் 30க்குப் போய்விடுங்கள், ஏனென்றால் அதன் மூடியிலுள்ள 30 உண்மையில் 20ஆக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆம்பியரில் தவறினால் பெரும்பாலும் கொஞ்சம் மின்சாரம்தான் வீணாகும். வோல்ட்டில் தவறினால் பெட்டியே போய்விடும். விக்ட்ரான் என்ற நிறுவனத்தின் கன்ட்ரோலர்களில் 75/15 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேனல் பக்கம் 75 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, பேட்டரிப் பக்கம் 15 ஆம்பியர் வரை தரும் என்பது அதன் பொருள். 22 வோல்ட் பேனல்கள் இரண்டைத் தொடராக, அதாவது ஒன்றின் ப்ளஸ்ஸை மற்றதன் மைனஸோடு, இணைத்தால் 44, கவலையில்லை. வீட்டுக்கூரைகளில் போடும் பெரிய பேனலின் வி-ஓசி 40 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அதில் இரண்டைத் தொடராகப் போட்டால் 80. சுற்று எரிந்துபோகலாம், உத்தரவாதமும் செல்லாது. குளிர்நாட்டு வழிகாட்டிகள் இந்த எண்ணை 1.2ஆல் பெருக்கச் சொல்வார்கள், குளிரில் பேனலின் வோல்ட் ஏறும் என்பதால். நம் ஊர் விடிகாலை 24 டிகிரி. பேனலை மதிப்பிடும் வெப்பநிலை 25. தாளில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு பத்து விழுக்காடு இடம் விட்டால் போதும்.

எம்பிபிடி எப்போது தேவை?

பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் ஒரு வேகமான சுவிட்ச், அவ்வளவுதான். பேனலைப் பேட்டரியோடு நேராகச் சேர்க்கும். நிறையத் தொடங்கியதும் விட்டுவிட்டுச் சேர்க்கும். சேர்ந்திருக்கும் நேரத்தில் பேனலின் வோல்ட் பேட்டரியின் வோல்ட்டுக்கு இறங்கிவிடும். எம்பிபிடி அப்படியல்ல. மேடு வந்ததும் சைக்கிளில் கியரை மாற்றுவதைப் போல, பேனலை அதற்கு வசதியான வோல்ட்டில் ஓடவிட்டு, மிஞ்சிய வோல்ட்டை ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுக்கும்.

‘30 விழுக்காடு கூடுதல் மின்சாரம்’ என்ற விளம்பரம் இங்கிருந்துதான் வருகிறது. அது முழுப்பொய் அல்ல, ஆனால் நம் ஊர்க் கணக்கும் அல்ல. வெயில் அடிக்கும் குளிர்நாளில் பேனல் 25 டிகிரியில் இருந்தால் 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என 99 வாட் வரும். மாற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் 94. அதே நேரத்தில் பிடபிள்யூஎம் 13 வோல்ட்டில் 73 வாட் கொடுக்கும். வித்தியாசம் கிட்டத்தட்ட 30 விழுக்காடுதான். சிங்கப்பூர் வெயிலில் பேனலின் செல்கள் 60 டிகிரிக்கு ஏறிவிடுகின்றன. ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 விழுக்காடு போல வோல்ட் குறைவதால், 18 வோல்ட் 15.5ஆக இறங்குகிறது. எம்பிபிடி தரக்கூடியது 81 வாட். பிடபிள்யூஎம் அதே 73. பேட்டரி 14 வோல்ட்டை நெருங்கும்போது இந்த இடைவெளியும் ஏறக்குறைய மறைந்துவிடும்.

ஆகவே 36 செல் பேனல் ஒன்று, 12 வோல்ட் பேட்டரி ஒன்று என்றால் நல்ல பிடபிள்யூஎம் போதும் என்பது என் தீர்ப்பு. இன்னொன்றும் உண்டு. விக்ட்ரான் போன்ற எம்பிபிடி கன்ட்ரோலர்கள் வேலையைத் தொடங்க, பேனல் வோல்ட் பேட்டரியைவிட 5 வோல்ட் அதிகம் இருக்க வேண்டும். சூடேறிய ஒற்றைச் சிறு பேனல் அந்த விளிம்பில் திண்டாடும். இரண்டைத் தொடராக இணைத்தால்தான் எம்பிபிடிக்கு வேலையே.

பெரிய பேனலாக இருந்தால் தீர்ப்பு தலைகீழ். 60 செல், 300 வாட் பேனல் வெயிலில் 27.5 வோல்ட் போலத் தரும். அதைப் பிடபிள்யூஎம் வழியாக 12 வோல்ட் பேட்டரியில் கட்டினால் 125 வாட்தான் உள்ளே போகும். உண்மையான எம்பிபிடி 240 வாட்டைத் தாண்டும். ‘அப்படியானால் 24 வோல்ட் பேட்டரி போட்டுவிடுகிறேன்’ என்றால் அதிலும் சிக்கல். 24 வோல்ட் ஈய-அமில பேட்டரி முழுதாக நிறைவதற்கு 28.8 வோல்ட் வேண்டும். சூட்டில் பேனல் உச்சத் திறன் தரும் வோல்ட் அதற்குக் கீழே இறங்கிவிடுவதால், கடைசிக் கட்டத்தில் ஆம்பியர் குறைந்துவிடும், எந்தக் கன்ட்ரோலர் இருந்தாலும். அங்கேயும் இரண்டு பேனலைத் தொடராக இணைக்கத்தான் வேண்டும்.

கடையில்

தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சிம் லிம் டவர் இருக்கிறது. கணினிக்குப் பெயர்பெற்ற சிம் லிம் ஸ்கொயர் வேறு, இது வேறு. மின்னணு உதிரிப்பொருள், வயர், ஃபியூஸ், மீட்டர் என்றால் டவருக்குத்தான் போக வேண்டும். கன்ட்ரோலரை எங்கே வாங்கினாலும் வயரைக் கவ்வியபடியே நேர்மின்சார ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை இங்கே கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது நல்லது. மலிவான கிளாம்ப் மீட்டர்களில் பல வீட்டு மாறுமின்சாரத்தை மட்டுமே அளக்கும். குமிழைத் திருப்பி, ஆம்பியர் வரிசையில் நேர்க்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் உள்ள குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

கன்ட்ரோலரைக் கையில் தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனை. எம்பிபிடிக்குள் செப்புக்கம்பி சுற்றிய கனமான சுருள் இருந்தாக வேண்டும், சூட்டை வெளியேற்ற அலுமினிய முதுகும் வேண்டும். 30 ஆம்பியர் எம்பிபிடி என்று சொல்லி, ஒரு கைப்பேசி அளவுக்கும் எடை இல்லாத பிளாஸ்டிக் பெட்டியை நீட்டினால் சிரித்துவிட்டு நகரலாம்.

மாட்டுவதும் இணைப்பதும்

மாட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் செங்குத்தாக, வெயிலும் மழையும் படாத இடத்தில், மேலும் கீழும் ஒரு சாண் இடைவெளி. விக்ட்ரானேகூட முழு ஆம்பியரை 40 டிகிரி வரைதான் உறுதி சொல்கிறது. மூடிய பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை வெயிலில் வைத்தால் நம் ஊரில் அந்த 40ஐக் காலை பத்தரைக்கே தாண்டிவிடும். காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலை ஒட்டுங்கள். சூடான பெட்டி எறும்புகளுக்கும் பல்லிகளுக்கும் பிடித்த குடியிருப்பு.

பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் இடையிலுள்ள வயர் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும். 20 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், ஒரு மீட்டர் தூரம் என்றால் வயரில் 0.12 வோல்ட் போகும். அதையே 4 சதுர மில்லிமீட்டரில் ஐந்து மீட்டர் இழுத்தால் 0.88 வோல்ட் காணாமல் போகும். கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட் பார்த்துப் பேட்டரி நிறையப்போகிறது என்று நினைத்துக்கொள்ளும். பேட்டரியில் இருப்பதோ 13.5. தூரம் இருந்தே தீர வேண்டுமென்றால் அது பேனல் பக்கம் இருக்கட்டும்.

பேட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் கட்டாயம். 20 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 25 அல்லது 30 ஆம்பியர் ஃபியூஸ். வீட்டு மின்பலகையில் போடும் மாறுமின்சார பிரேக்கரை இங்கே பயன்படுத்தாதீர்கள். நேர்மின்சாரத்தில் எழும் தீப்பொறியை அது அணைக்கும் என்ற உறுதி இல்லை.

இணைக்கும் வரிசை மாறக்கூடாது: முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் விளக்கு முதலானவை. கழற்றும்போது நேர் எதிர். பேட்டரியைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முடிவுசெய்கிறது. பேனலை முதலில் கொடுத்தால் தவறாக முடிவுசெய்யலாம், சில மாடல்கள் எரிந்தும் போகலாம். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரைக் கன்ட்ரோலரின் லோடு முனையில், அதாவது விளக்குகளுக்கான முனையில், கட்டாதீர்கள். தொடங்கும்போது அது இழுக்கும் மின்னோட்டம் அந்த முனை தாங்கும் அளவைத் தாண்டும். தனி ஃபியூஸ் போட்டுப் பேட்டரியிலிருந்து நேராக எடுங்கள். அந்த இன்வெர்ட்டரின் 230 வோல்ட்டை வீட்டு வயரிங்கோடு சேர்க்கும் எண்ணம் வந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடாதீர்கள்.

அமைப்புகளில் பேட்டரி வகையை முதலில் சரிசெய்யுங்கள். மலிவான கன்ட்ரோலர்களில் பி1, பி2, பி3 என்று மட்டும் இருக்கும். எது எதற்கு என்பது கூட வந்த தாளில் இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஈய-அமில பேட்டரிக்கு 14.4 வரை ஏறி, பிறகு 13.6 போல இறங்கி நிற்க வேண்டும். 35 டிகிரிச் சூட்டில் அந்த 14.4, 14.2ஆகக் குறைய வேண்டும். வெப்ப உணரி உள்ள கன்ட்ரோலர் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 14.2 முதல் 14.4; வெப்பத் திருத்தமும் மாதமொருமுறை வோல்ட்டை ஏற்றும் ‘ஈக்வலைஸ்’ வேலையும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். நிறுத்த வழியில்லாத கன்ட்ரோலரை லித்தியத்தோடு சேர்க்காதீர்கள். வோல்ட் எல்லை மீறினால் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று பட்டென்று துண்டிக்கும். நடு வெயிலில் பேட்டரியை இழந்த கன்ட்ரோலர் என்ன வோல்ட்டை விளக்குகளுக்கு அனுப்பும் என்று சொல்ல முடியாது.

விளக்கைத் துண்டிக்கும் வோல்ட்டையும் பாருங்கள். மலிவுப் பெட்டிகள் 10.7 என்ற அமைப்போடு வருகின்றன. ஈய-அமில பேட்டரியைத் தினமும் அந்த ஆழத்துக்கு இறக்கினால் அது ஒரு வருடம் தாங்குவதே பெரிது. 11.5க்குக் கீழே விடாதீர்கள், லித்தியத்துக்கு 12.

மதியம் ஒரு மணிக்குச் சோதனை

சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. 12 மணிக்கு அல்ல, ஒரு மணிவாக்கில்தான் சூரியன் உச்சத்துக்கு வருகிறது. பதினொன்றரை முதல் இரண்டு வரை சோதனைக்கு நல்ல நேரம். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் தாமதிக்காதீர்கள்; இடி கேட்டால் வயரைத் தொடாமல் உள்ளே போய்விடுங்கள். மல்டிமீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியையும் புதிதாகப் போடுங்கள். அது சோர்ந்தால் சில மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், குற்றம் கன்ட்ரோலர் தலையில் விழும்.

முந்தைய இரவே விளக்கை எரியவிட்டுப் பேட்டரியை 12.2 வோல்ட் போல இறக்கிவையுங்கள். இது முக்கியம். நிறைந்த பேட்டரியில் கன்ட்ரோலர் மின்சாரத்தை மட்டுப்படுத்திக்கொண்டிருக்கும். பேனல் வோல்ட் தானாகவே உயர்ந்து நின்று, பிடபிள்யூஎம் பெட்டியையும் எம்பிபிடி போலக் காட்டும்.

இப்போது மீட்டரின் இரு ஊசிகளையும் கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளில் வையுங்கள். 13.1 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பேனல் முனைகளில். ப்ளஸ்ஸும் மைனஸும் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். பல கன்ட்ரோலர்களில் மைனஸ் இரு பக்கத்துக்கும் பொது அல்ல. பேனலில் 13.4 வந்தால், மூடியில் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் கையில் இருப்பது பிடபிள்யூஎம். 15.5, 28, 31 என்று பேனலின் வி-எம்பிக்குக் கொஞ்சம் கீழே ஓர் எண் வந்து, மேகம் கடக்கும்போது அது சற்றே அசைந்து மறுபடி நிலைகொண்டால் உள்ளே உண்மையான எம்பிபிடி இருக்கிறது.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னொரு படி போகலாம். பேனல் வயரில் 5 ஆம்பியர், 31.5 வோல்ட், பேட்டரி வயரில் 11.3 ஆம்பியர், 13.2 வோல்ட் என்றால், உள்ளே வந்தது 157 வாட், வெளியே போனது 149. 95 விழுக்காடு, நல்ல பெட்டி. 90க்குக் கீழே போனால் மிச்சம் சூடாகப் போகிறது என்று பொருள். அலுமினிய முதுகைத் தொட்டால் தெரியும். வெளியே போகும் ஆம்பியர் உள்ளே வருவதைவிடக் கூடவே இல்லை என்றால் அது எம்பிபிடி அல்ல.

அடுத்து திரையின் நேர்மை. கன்ட்ரோலர் காட்டும் பேட்டரி வோல்ட்டையும் மல்டிமீட்டர் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். 0.1 வரை பொறுக்கலாம். 0.3 என்றால், அது 14.4 என்று நினைக்கும்போது பேட்டரியில் 14.7 இருக்கலாம், அல்லது 14.1லேயே என்றென்றும் நின்றுவிடலாம். குற்றம் சாட்டும் முன் கன்ட்ரோலரின் முனையிலும் பேட்டரியின் முனையிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் வயர்தான் தின்கிறது, பெட்டி அல்ல.

பேட்டரி நிறையும் நேரத்தில் ஒருமுறை பக்கத்தில் இருங்கள். ஒழுங்கான கன்ட்ரோலர் 14.4இல் ஒன்றிரண்டு மணி நேரம் பிடித்துவைத்து, ஆம்பியர் மெல்ல இறங்குவதைப் பார்த்து, பிறகு 13.6க்கு வரும். 14.4 தொட்டதும் துண்டித்து, 13க்கு விழவிட்டு, மறுபடி ஏற்றி என்று தாவிக்கொண்டிருந்தால் பேட்டரி முழுதாக நிறையவே நிறையாது.

இரவில் பேனலையும் விளக்குகளையும் கழற்றிவிட்டு, கன்ட்ரோலர் தானே குடிக்கும் மில்லி ஆம்பியரை அளந்து கொள்ளுங்கள். 10 முதல் 30 வரை இயல்பு. 20 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு அரை ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஒன்றுமில்லை, 7 ஆம்பியர்-மணி சிறு பேட்டரிக்கோ தினமும் ஏழு விழுக்காடு.

இணையத்தில் வாங்கியிருந்தால் இவ்வளவையும் முடித்த பிறகே ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்துங்கள். பெட்டி சொன்னபடி இல்லையென்றால் நீண்ட கடிதம் எழுதத் தேவையில்லை. பேனல் முனையில் ஒரு மீட்டர், பேட்டரி முனையில் ஒரு மீட்டர், நடுவில் ‘எம்பிபிடி’ என்ற மூடி, மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து விற்றவருக்கும் தளத்துக்கும் அனுப்புங்கள். கடன் வாங்கியாவது இரண்டாவது மீட்டர் ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது; 13.1ஐயும் 13.4ஐயும் தனித்தனிப் படங்களாக அனுப்பினால் ‘வெவ்வேறு நேரத்தில் எடுத்தது’ என்ற பதில்தான் வரும்.